நியூசிலாந்தில் சிறு குழுப் பயணம்

கேள்வி: பத்துப் பன்னிரண்டு பேராக நியூசிலாந்தில் சாகசச் சுற்றுலா போகிறார்கள். எனக்கு 56 வயது. சேரலாமா? – வாசகி, திருச்சி

பதில்: தினமும் நடக்கிற பழக்கம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். அங்கே வானிலை மணிக்கொரு விதமாக மாறும். சிறு குழுவின் அருமை அப்போதுதான் தெரியும். வடக்குத் தீவின் டோங்கரிரோ எரிமலைப் பாதை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேர நடை. காற்று பலத்து வீசினால் ஏறவே கூடாது. ஒரு வேனில் அடங்குகிற கூட்டம் என்றால் வழிகாட்டி காலையிலேயே திட்டத்தை மாற்றிவிடுவார். பெரிய பஸ் கூட்டத்துக்கு அது சிரமம்.

தெற்குத் தீவின் மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நீங்கள் போகிற அன்று மழை கொட்டினால் வருந்தாதீர்கள். செங்குத்தான பாறைகளில் நூற்றுக்கணக்கான அருவிகள் திடீரென்று முளைத்து இறங்கும். என்னைக் கேட்டால், முழுப் பயணத்திலும் இதற்கு ஈடான காட்சி இல்லை. குயின்ஸ்டவுன் பக்கம் கவராவ் பாலத்திலிருந்து 43 மீட்டர் பங்கி ஜம்ப் உண்டு. மனம் ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். பழைய ஷூவை மண் போகக் கழுவி எடுத்துச் செல்லுங்கள். விமான நிலையச் சோதனை மிகக் கடுமை.