"பேக்கேஜில் சேர்ந்து வந்தது": இது பதிலாகுமா?



பொருளை எப்படிச் சம்பாதித்தோம் என்று மட்டுமல்ல, எதில் செலவழித்தோம் என்றும் மறுமையில் கேட்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்பதை அல்இஸ்ரா அத்தியாயம் நினைவூட்டுகிறது. இவ்விரு விசாரணைகளும் ஒன்றுசேரும் இடம் நம் வீட்டு டிவி. மாதாமாதம் பணமும் அங்கே போகிறது. நம் பிள்ளைகளின் பார்வையும் அங்கே போகிறது.

"அந்தச் சேனலை நான் கேட்கவில்லை, பேக்கேஜில் சேர்ந்து வந்தது" என்கிறோம். இது பதிலாகுமா?

தேர்வு நம் கையில்

ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. கேபிள்காரர் கொடுத்ததுதான் வீட்டுக்கு வந்தது. ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் கொண்டுவந்த கட்டண விதிகள் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளன. அதன்படி ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை அறிவிக்கப்பட வேண்டும். வேண்டியதை மட்டும் தனியாக வாங்கும் உரிமை நமக்கு உண்டு. உரிமை இருந்தும் கேட்காமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியுமா?

மலிவு என்னும் மயக்கம்

தொகுப்புக்கு 45 சதவீதம் வரை தள்ளுபடி தர 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அனுமதிக்கிறது. உதாரணத்திற்கு, தனித்தனியாக 50 ரூபாய் ஆகும் சேனல்கள் தொகுப்பில் 30 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. 20 ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறோம். ஆனால் வீட்டில் பார்ப்பது 12 ரூபாய்ச் சேனல் ஒன்றைத்தான் என்றால், மிச்சம் எங்கே? 18 ரூபாய் வீண்விரயம் அல்லவா? அதோடு, வேண்டாத காட்சிகளையும் காசு கொடுத்து வீட்டுக்குள் அழைத்துவிட்டோம்.

சக்திக்கு உட்பட்ட பொறுப்பு

சில நேரம் நமக்குத் தேவையான மூன்று நான்கு சேனல்களைத் தனியாக வாங்கினால் தொகுப்பைவிட அதிகம் ஆகும். அப்போது தொகுப்பை எடுப்பது குற்றமாகாது. அல்லாஹ் எவரையும் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்துவதில்லை. ஆனால் பொறுப்பு அங்கே முடிவதில்லை. சேனல் வீட்டுக்கு வருவது நம் விருப்பமின்றி நடக்கலாம். ரிமோட்டை அழுத்தும் விரல் நம்முடையது. குடும்பத் தலைவர் தன் குடும்பத்தாருக்குப் பொறுப்பாளி.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. குடும்பத்தாருடன் அமர்ந்து, உண்மையில் பார்க்கும் சேனல்களைப் பட்டியலிடுங்கள். வயதான பெற்றோரின் தேவையையும் கேளுங்கள்.
2. கேபிள்காரரிடம் தனி விலைப் பட்டியலைக் கேட்டு, தொகுப்பு விலையோடு ஒப்பிடுங்கள்.
3. தவிர்க்க முடியாத சேனல்களை செட்டாப் பாக்ஸில் லாக் செய்யுங்கள்.
4. கட்டணச் சேனலே தேவையில்லை என்றால், மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது.
5. மிச்சமாகும் தொகையை ஸதகாவுக்கு ஒதுக்குங்கள்.

நம் பொருளையும் பார்வையையும் நல்வழியில் செலவிட வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.