இளம் கலைமான்: சுடுவதா, விடுவதா?

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் வெள்ளைவால் மான் வேட்டையும் தொடங்கிவிடும். உரிமம் எடுத்து, மாநில அரசு குறித்த நாட்களில், குறித்த எண்ணிக்கைக்குள் சுடுகிறார்கள். பெரும்பாலோர் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து உண்கிறார்கள். எதிரே வந்து நிற்பது ஒன்றரை வயது ஆண் மான் என்றால் சுடலாமா, விட்டுவிடலாமா என்ற வாக்குவாதம் ஆண்டுதோறும் எழும். இரு தரப்பும் அடுக்கும் காரணங்களில் பல, ஆய்வின் முன் நிற்பதில்லை.

நம்பிக்கை: கிளைவிடாத கொம்புள்ள மான் மட்டமான பிறவி, அதைச் சுட்டால் இனம் தேறும்.

இருப்பதிலேயே ஆழமாக வேரோடியது இதுதான். இரண்டு குச்சிகள் போலக் கொம்பு முளைத்த இளம் மானை அங்கே ‘ஸ்பைக்’ என்பார்கள். 1970களில் டெக்சாஸ் மாநிலத்தின் கெர் வனவிலங்குப் பகுதியில், வேலிக்குள் வளர்த்த மான்களிடம் ஆய்வுகள் தொடங்கின. முதல் கொம்பு ஸ்பைக்காக வந்த மான்கள் வளர்ந்த பிறகும் பின்தங்கியே இருந்தன என்று அவை கூறின. அந்த முடிவு வேட்டைக்காரர்களிடம் வேதவாக்காகிவிட்டது.

காடு வேலிக்குள் அடங்குவதில்லை. ஆண் மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கிறது. ஒன்றரை வயதில் எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், தின்ற சத்து முதலில் உடம்புக்குப் போகிறது, மிஞ்சியதுதான் கொம்புக்கு. குட்டி பருவம் தப்பிப் பிறந்தாலும், தாய் மெலிந்திருந்தாலும், மழை பொய்த்தாலும் முதல் கொம்பு குச்சியாகவே வரும். தெற்கு டெக்சாஸில் வறண்ட ஆண்டுகளில் ஸ்பைக்குகள் பெருகும், நல்ல மழை பெய்த ஆண்டில் குறையும். பரம்பரை அப்படி ஓராண்டில் மாறுவதில்லை. அங்கே திறந்த நிலத்தில் மான்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, பின்னர் மறுபடி பிடித்து அளந்தும் பார்த்தார்கள். நான்கரை வயதுக்குள் ஸ்பைக்குக்கும் மற்றவற்றுக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோயிருந்தது.

‘மட்டமானவற்றை’ நீக்கிப் பார்த்த சோதனையும் உண்டு. டெக்சாஸின் கமான்சி பண்ணையில் சீசர் கிளெபெர்க் வனவிலங்கு ஆராய்ச்சி நிறுவனத்தார் பல ஆண்டுகள் தொடர்ந்து, கொம்பு சிறுத்த ஆண் மான்களைக் கழித்தார்கள். கொம்பு பெரிதாகவில்லை, ஆண் மான்களின் எண்ணிக்கைதான் சரிந்தது. குட்டியின் கொம்புக்குத் தாயும் பாதிப் பொறுப்பு. கொம்பில்லாத தாயை எதைப் பார்த்துக் கழிப்பது? “இனத்தைத் திருத்துகிறேன்” என்று சொல்லி ஸ்பைக்கைச் சுடுவதற்கு ஆதாரம் இல்லை என்பதே என் துணிபு.

நம்பிக்கை: கொம்பின் முனைகளை எண்ணினால் வயது தெரியும்.

தெரியாது. நல்ல மேய்ச்சலில் வளர்ந்த ஒன்றரை வயது மானுக்கே எட்டு முனைகள் இருக்கலாம். உடம்பைப் பாருங்கள். இளம் மானுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், கழுத்து மெலிந்திருக்கும், உடம்புக்குக் கால்கள் நீளமாகத் தோன்றும். வயதேறியதற்கு நெஞ்சு இறங்கி, இணைசேரும் பருவத்தில் கழுத்து பருத்து நெஞ்சோடு ஒன்றாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: ஆறு மாத ஆண் குட்டிக்குக் கொம்பு வெளியே தெரியாது, நெற்றியில் இரண்டு மேடுகள் மட்டுமே. பெண் மான் என்று நினைத்து அதைச் சுட்டுவிடுகிறவர்கள் ஏராளம். தனியே வரும் சிறிய மானைக் கண்டால் அவசரப்படவே கூடாது.

நம்பிக்கை: இன்று நான் விட்டால், வளர்ந்து என் நிலத்திலேயே நிற்கும்.

இளம் ஆண் மான்களில் பாதிக்கு மேல் பிறந்த இடத்தை விட்டுப் பல கிலோமீட்டர் போய்விடுகின்றன. ஒருவர் மட்டும் விட்டுப் பயனில்லை. வட்டாரமே சேர்ந்து விட்டால் பயன் உண்டு. பென்சில்வேனியாவில் சுடப்பட்ட கொம்புள்ள மான்களில் பத்துக்கு எட்டு ஒன்றரை வயதுள்ளவையாகவே இருந்த காலம் உண்டு. 2002இல் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று முனைகள், சில பகுதிகளில் நான்கு முனைகள் வேண்டும் என்று விதித்தார்கள். அதன் பின் மூத்த மான்களின் பங்கு பாதியைத் தாண்டியது. மான் கூட்டத்தின் எண்ணிக்கையைக் குறைக்க நினைத்தால் அது வேறு கணக்கு. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், பெண் மான்களைக் குறைத்தால்தான் கூட்டம் குறையும்.

நம்பிக்கை: விடுவது எப்போதும் நல்லது.

இதுவும் சரியல்ல. 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்ட, மான்களைத் தாக்கும் நாட்பட்ட உடல்மெலிவு நோய் இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. மருந்தில்லாத, தப்பிப் பிழைக்க முடியாத நோய். மூத்த ஆண் மான்களில்தான் இது அதிகம் காணப்படுகிறது. ஊர்விட்டு ஊர் போகும் இளம் ஆண் மான்கள் அதைச் சுமந்து செல்லக்கூடும். ஆகவே மிசௌரி மாநிலம், நோய் கண்ட கவுண்டிகளில் (மாவட்டங்களில்) கொம்பு முனை விதியையே நீக்கியது.

குடும்பத்துக்கு இறைச்சி வேண்டி, சட்டம் அனுமதிக்கும் இளம் மானை ஒருவர் சுட்டால் அவரைப் பழிப்பது நியாயமில்லை. முதல்முறை வேட்டைக்கு வந்த சிறுவனை “சின்ன மானைச் சுட்டாயா?” என்று குத்திக்காட்டுவது அதைவிட மோசம். கிளம்புவதற்கு முன் அந்தக் கவுண்டிக்கான அந்த ஆண்டு விதியைப் படியுங்கள். நோய்ப் பகுதியில் சுட்டது என்றால் எந்த வயது மானானாலும் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே சமையுங்கள்.