இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தேவிகுளத்து மலைச்சரிவில் 60 தேயிலைக் கன்றுகளைச் சமமான வரிசைகளில் நட வேண்டுமெனின், வரிசைகளின் தொகையை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 எனப் பன்னிரு வகையாக வைத்துக்கொள்ளலாம். கன்றுகள் 100 ஆயின் ஒன்பது வகைகளே உள. எண் பெரிதாயிற்று, காரணிகளோ குறைந்தன. 60-க்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் பன்னிரண்டு காரணிகள் இல்லை. நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பகுத்தமை இங்கு நினைவுக்கு வரும்.

தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்ணை ‘மிகுகாரணி எண்’ என இக்கட்டுரையில் வழங்குவோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 ஆகியவை இவ்வகையின. ஈரோட்டில் 1887-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் இவற்றை ஆராய்ந்து எழுதிய நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதச் சங்கம் 1915-இல் வெளியிட்டது. அதிலுள்ள பட்டியலின் இறுதி எண் 6746328388800. அதாவது, 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டுவதில்லை. 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 ஆகியவற்றை இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஒரு காரணியை ஆக்கும்போது 2-ஐ அறவே விட்டுவிடலாம். அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம். ஆகவே 2-க்கு ஏழு வாய்ப்புகள். அவ்வாறே 3-க்கு ஐந்து. 5, 7 ஆகியவற்றுக்கு மும்மூன்று. எஞ்சிய ஐந்துக்கும் இவ்விரண்டு. 7×5×3×3×2×2×2×2×2 = 10080. இதுவே காரணிகளின் தொகை.

இனி, பட்டியலின் இடைப்பகுதியைக் காண்போம். 195545750400 என்னும் எண்ணுக்கு 4608 காரணிகள். அடுத்து அவர் தந்துள்ள 321253732800-க்கு 5376. (அச்சில் ஓர் இலக்கம் பிறழினும் பொருள் கெடுமாதலின், இவ்வெண்களைப் பெருக்கிச் சரிபார்த்தே இங்கு எழுதியுள்ளோம்.) பட்டியல் நிறைவானதாயின், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எந்த எண்ணும் 4608-க்கு மேற்பட்ட காரணிகளைப் பெற்றிருத்தல் கூடாது.

ஆனால், மேற்கூறிய இறுதி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 293318625600. இது அவ்விரு எண்களுக்கும் இடையில் நிற்கிறது. 23 நீங்கியதால் வாய்ப்புகளில் ஓர் இரண்டு குறையும். எனவே இதற்கு 10080-இல் பாதி, 5040 காரணிகள். பட்டியலில் விடுபட்ட எண் இதுவே. நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட அப்பட்டியலில் விடுபட்டதும் இஃதொன்றே என்பது பின்வந்தோர் கண்ட முடிவு.

இக்கணக்கை வகுப்பில் சிறிய அளவில் செய்து காட்டலாம். 12, 36, 48, 60 எனக் கரும்பலகையில் எழுதி, விடுபட்டது யாது எனக் கேட்கலாம். 12-க்கு ஆறு காரணிகள், 36-க்கு ஒன்பது. மாணவர் சிலர் 24 என்பர்; சிலர் 30 என்பர். இரண்டுக்கும் எட்டுக் காரணிகளே. இரண்டினுள் எது பட்டியலுக்கு உரியது, ஏன் என்பதை அவர்களையே சொல்லவிடுக.