பெயின்ட்டுக்குள்ள போற மரத்துக்கு எதுக்குத் தேக்கு?

தாராவி ரூம்ல நாம வளர்ந்தப்ப சுவரோரமா வரிசையா எண்ணெய்க் கறை இருக்குமே, ஞாபகம் இருக்கா தங்கச்சி? அப்பா சாயற இடம் எது, ஆச்சி சாயற இடம் எதுன்னு கறையப் பாத்தே சொல்லிரலாம். இப்போ செம்பூர்ல உனக்குன்னு ஒரு வீடு. ஹால்ல பாதிச் சுவருக்குப் பலகை அடிச்சு, ஈரத்துணியால துடைக்கிற மாதிரி பெயின்ட் பண்ணணும்னு நீ சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். மிஸ்திரி வந்து அளவெடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேட்டுக்கோ.

மரத்தப் பாக்கறதுக்கு முன்னாடி சுவரப் பாரு. மும்பையில ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சுவரே தண்ணி குடிக்கும். ரெண்டடிக்கு ரெண்டடி பாலிதீன் தாள எடுத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ரெண்டு நாள் சுவர்ல விட்டு வை. தாளோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா ஓதம் சுவருக்குள்ள இருந்து வருது. வெளிப்பக்கம் நின்னா அது வீட்டுக் காத்தோட ஈரம். உள்ள இருந்து வருதுன்னா முதல்ல கசிவ அடைக்கணும். பலகைய வச்சு மூடினா ஓதம் மறையுமே தவிர நிக்காது.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். மாட்டுங்கா வீட்ல பாத்ரூமுக்கு அடுத்த சுவர்ல 9 எம்எம் எம்டிஎஃப் அடிச்சோம். முதல் வருஷம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது மழைக்கு அடி ஓரம் பிஸ்கட்டு டீயில ஊறின மாதிரி உப்பிருச்சு. எம்டிஎஃப்ங்கறது மர நாரப் பசையோட சேத்து அழுத்தின பலகை. நார் ஒரு தடவ உப்பினா காஞ்சாலும் பழைய அளவுக்கு வராது. அத்தனையும் பிச்சுப் போட்டோம். பலகைய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. பின்பக்கமும் வெட்டின ஓரமும் ப்ரைமர் படாம பச்சையாவே விடப்பட்டிருந்துச்சு.

அதனால சுவருக்குத் தக்க பலகை. ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற காஞ்ச சுவருன்னா எம்டிஎஃப் தாராளமாப் போடலாம். ரேகை கிடையாது, பெயின்ட் வழுவழுன்னு உக்காரும், டிசைன் குடையறதும் சுலபம். கொஞ்சம் ஈரம் வரலாம்னு சந்தேகமா? ஈரம் தாங்கற எச்டிஎச்எம்ஆர் பலகை எடு. வெளிச்சுவர்னா ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட். ஆனா ப்ளைவுட் மேல நேரா பெயின்ட் அடிச்சா ரேகை எட்டிப் பாக்கும், நாளாக நாளாக மயிரிழை மாதிரி விரிசல் விடும். பட்டி பாத்து, தேய்ச்சு, மறுபடி பட்டி பாக்கணும். அந்தக் கூலியையும் கணக்குல சேத்துக்கோ. பாத்ரூம் வாசல், வாஷ்பேசின் பக்கம்னா மரப் பலகையே வேண்டாம், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகை போடு. அது வழவழப்பா இருக்கறதால லேசாத் தேய்ச்சு, அதுக்கேத்த ப்ரைமர் அடிச்சாத்தான் பெயின்ட் பிடிக்கும். அடுப்புப் பக்கம் இது எதையுமே கொண்டுபோகாத.

நிஜ மரம்தான் வேணும்னு மச்சான் சொல்றாரு போல. தாதர், மாட்டுங்கா பக்கம் பழைய கட்டடங்கள இடிக்கறப்ப பர்மா தேக்குக் கதவும் உத்திரமும் விலைக்கு வரும். கிடைச்சா விடாத, ஆனா பாலிஷ் போட்டு வை. தேக்கோட அழகே ரேகைதான், அத பெயின்ட்டால மூட மனசு வருமா? அதுலயே இருக்கற எண்ணெய் பெயின்ட்ட சரியா ஒட்டவும் விடாது. பழைய கதவுல பல அடுக்கு பெயின்ட் இருந்தா காயத் தேய்க்கச் சொல்லாத. அந்தக் காலத்துப் பெயின்ட்டுல ஈயம் இருக்கலாம், குழந்தை இருக்கற வீடு. வீட்டுப் பெயின்ட்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல போகக் கூடாதுங்கற சட்டம் 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. பைன் மரம்னா கணுவுல இருந்து பிசின் கசிஞ்சு வெள்ளைப் பெயின்ட்டுல மஞ்சப் பொட்டு விழும். கணுவுக்கு மட்டும் முதல்ல அரக்கு சீலர் பூசச் சொல்லு. நாக்கும் காடியுமா கோக்கற பலகைன்னா, கோக்கறதுக்கு முன்னாடியே நாக்குலயும் ஒரு கை அடிச்சிரணும். இல்லேன்னா ஜனவரியில மரம் சுருங்கறப்ப பெயின்ட் படாத கோடு பல்ல இளிக்கும்.

இனி நான் கெஞ்சிக் கேக்கறது. பலகை எதுவா இருந்தாலும் ஆறு பக்கமும் ப்ரைமர் போகணும். சுவர் பாக்கற பக்கத்துக்கு ரெண்டு கை. எம்டிஎஃப் ஓரம் பஞ்சு மாதிரி உறிஞ்சும். அதுக்குத் தண்ணி கலந்த ப்ரைமர் போட்டா நார் எந்திரிச்சு நிக்கும், ஆயில் ப்ரைமரோ பாலியூரித்தேன் (பியூ) சீலரோ வாங்கு. உள்ள யாரு பாக்கப்போறான்னு மிஸ்திரி சொல்லுவாரு. நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ. சுவருக்கும் பலகைக்கும் நடுவுல ரீப்பர் கட்டை அடிச்சு, காத்து போக இடம் விடணும். பலகை தரையத் தொடக் கூடாது. தினமும் தரை துடைக்கற தண்ணி படற இடம் அது, நாலு இஞ்ச் டைல் விட்டு மேல ஆரம்பிக்கட்டும். கடல் காத்துக்கு இரும்பு ஆணி துருப்பிடிச்சு பெயின்ட்டுல கறை விடும், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கேளு.

பலகையோட உயரம் நாலடி வச்சுக்கோ. எட்டுக்கு நாலு ஷீட்ட அப்படியே படுக்கப் போட்டா வெட்டுச் சேதம் இல்ல. உக்காந்து சாயறவங்க தலையோட எண்ணெயும் அதுக்கு மேல எட்டாது. பசையில இருந்து வர்ற ஃபார்மால்டிஹைடு நெடி குறையற மாதிரி, இ1 இல்லேன்னா இ0 தரம்னு பில்லுல எழுதி வாங்கு. வேலை முடிஞ்சு ஒரு வாரம் ஜன்னல மூடாத.

மழையில ஆரம்பிக்காத. ஈரக் காத்துல டியூகோ மாதிரி லாக்கர் அடிச்சா வெள்ளை வெள்ளையாப் பூத்துப் போயிரும். தீபாவளி முடியட்டும், அதுக்குள்ள சுவரும் காஞ்சிரும். ரே ரோடு மரக் கடைகளுக்குப் போறப்ப என்னையும் கூப்பிடு. 18 எம்எம்னு சொல்லி 16 தர்ற கடையும் உண்டு, அளவு பாக்கற ஸ்கேல நான் எடுத்துட்டு வர்றேன்.