பழைய டிராக்டரும் தகுதிச் சோதனையும்

சந்தைக்கு மாடு வாங்கச் செல்லும் விவசாயி, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. சுழி பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார், நுகத்தில் பூட்டி நாலடி இழுக்க விட்டும் பார்ப்பார். அதே விவசாயி தம் கொட்டகையில் பதினைந்து ஆண்டுகளாக நிற்கும் டிராக்டரை என்றேனும் அவ்வாறு சோதித்துப் பார்த்ததுண்டா என்று வினவினால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. வண்டி கிளம்புகிறது, உழுகிறது, அது போதும் என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆர்.சி. புத்தகத்தில் குறித்த நாள் நெருங்கும்போதுதான் கவலை பிறக்கிறது. அந்தக் கவலைக்கு இடமில்லாதபடி, பழைய டிராக்டரை ஆய்வுக்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் சட்டம் கூறுவது யாது எனப் பார்ப்போம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த விவசாயத்துக்கென வைத்திருக்கும் டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனம் என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின், வண்டி நல்ல நிலையில் உள்ளதென மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டால், மேலும் 5 ஆண்டுகளுக்குப் பதிவு புதுப்பிக்கப்படும். அந்த ஐந்து ஆண்டுகள் முடிந்தபின் மறுபடியும் புதுப்பித்துக்கொள்ளலாம். பத்து ஆண்டான டிராக்டர்களை எல்லாம் அரசு பிடுங்கி உடைத்துவிடும் என்று ஒரு வதந்தி கிராமங்களில் உலவி வருவதை நாம் கேட்டிருக்கிறோம். அதை நம்பி நல்ல வண்டியைப் பாதி விலைக்குத் தரகரிடம் விற்றவர்களும் உண்டு. நம் மாநிலத்தில் விவசாயியின் சொந்த டிராக்டருக்கு அத்தகைய வயது வரம்பு ஏதும் சட்டத்தில் இல்லை. வண்டியின் வயதை விட அதன் நிலையே இங்கு கருதப்படுவது.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. டிராக்டரில் டிரெய்லரைப் பூட்டி வாடகைக்குச் செங்கலும் மணலும் ஏற்றத் தொடங்கினால், அது போக்குவரத்து வாகனத்தின் வேலையாகிவிடுகிறது. போக்குவரத்து வாகனத்துக்குத் தகுதிச் சான்று வேண்டும். மக்கள் எப்.சி. என்று சொல்வது இதைத்தான். வண்டிக்கு எட்டு வயதாகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் இச்சான்றைப் புதுப்பிக்க வேண்டும். விவசாயம் என்று எழுதி வாங்கிய வண்டியை வாடகைக்கு ஓட்டி, விபத்து நேர்ந்தபின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சென்றால், முதலில் எழும் கேள்வி இதுவாகவே இருக்கும்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தைப் பதிவு முடியும் நாளுக்கு 60 நாட்கள் முன்பிருந்தே கொடுக்கலாம். இந்த இரண்டு மாதம் விவசாயிக்குப் பெரிய உதவி. பதிவு முடியும் நாள் சம்பா நடவின் நடுவில் வந்தால், வண்டியைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்ல எவருக்கும் மனம் வராது. நாற்று விடும் காலத்திலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். நாள் கடந்தபின் சென்றால் கூடுதல் கட்டணம் உண்டு. விண்ணப்பத்தை இக்காலத்தில் பரிவாகன் இணையதளத்தின் வழியே பதிவு செய்கிறார்கள். ஊரிலுள்ள இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். கட்டணங்கள் 2022 ஏப்ரல் முதல் பெரிதும் உயர்ந்தவை. பின்னரும் மாறக்கூடியவை ஆதலின், அன்றைய கட்டணத்தை அங்கேயே கேட்டறிதல் நன்று.

சேசிஸ் எண்

ஆய்வாளர் முதலில் தேடுவது எஞ்சினையன்று, எண்ணை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுச் சேறும் கிரீசும் துருவும் அந்த எழுத்துக்களை மூடியிருக்கும். ஊரிலேயே மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு பொறுமையாகத் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எழுத்துக்கள் தெளிவாக அச்சில் விழுந்தால் கவலையில்லை. விழவில்லையென்று சில பட்டறைக்காரர்கள் அரம் போட்டுத் தேய்த்து, உளி கொண்டு எண்ணை மறுபடி அடித்துக் கொடுக்க முன்வருவார்கள். அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். திருட்டு வண்டிக்குச் செய்யும் வேலை அது. நேர்மையான வண்டியும் அதனால் சந்தேகத்துக்கு உள்ளாகும். எண் உண்மையிலேயே அரித்துப் போயிருந்தால், வண்டியை எடுத்துச் செல்லுமுன் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து வழி கேட்பதே முறை.

பிரேக்

இனி, உயிர் காக்கும் பகுதிக்கு வருவோம். டிராக்டரின் பிரேக் காரின் பிரேக் போன்றதன்று. வலப் பின்சக்கரத்துக்கு ஒரு மிதி, இடப் பின்சக்கரத்துக்கு ஒரு மிதி என இரண்டு மிதிகள் உண்டு. வரப்போரத்தில் குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பும்போது, ஒரு பக்கத்து மிதியை மட்டும் அழுத்தினால் அந்தச் சக்கரம் நிற்க, மற்றது சுற்றிவரும். வயலில் இது பெரிய வசதி. சாலையிலோ இதுவே யமன். விரைவாகச் செல்லும்போது கால் தவறி ஒரு மிதி மட்டும் அழுந்தினால், வண்டி அப்பக்கமே சுழன்று கவிழும். இதைத் தடுக்கவே இரு மிதிகளையும் ஒன்றாக இணைக்கும் ஒரு சிறு பூட்டு வைத்திருக்கிறார்கள். வயலை விட்டுச் சாலையில் ஏறும்போது அதைப் போட வேண்டும்.

அந்தப் பூட்டு இன்று எத்தனை டிராக்டர்களில் இருக்கிறது? சோதனைக்கு வந்து வரிசையில் நின்ற வண்டிகளை ஒருமுறை நாம் உடனிருந்து பார்த்தோம். ஒன்றில் பூட்டு தேய்ந்து தானே கழன்றது. ஒன்றில் பூட்டே இல்லை. அதற்குப் பதில் கட்டுக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த வண்டி முப்பது கிலோமீட்டர் ஓடி வந்தது. வழியெல்லாம் கம்பி அறாதிருந்தது அந்த ஓட்டுநரின் அதிர்ஷ்டமே. வண்டி திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு நாள் கூலியும் டீசலும் நஷ்டம் என்று அவர் வருந்தினார். கடையில் கிடைக்கும் அந்த உதிரிப் பாகத்தின் விலையோ அன்று அவர் செலவிட்ட டீசலின் விலையில் சிறு பங்குகூட இராது.

பூட்டு இருந்தால் மட்டும் போதாது. இரு சக்கரங்களும் ஒன்றுபோல் பிடிக்க வேண்டும். இதை ஊரிலேயே அறிய ஒரு வழி உண்டு. அறுவடையான காய்ந்த களத்திலோ ஆளில்லாத மண் பாதையிலோ, டிரெய்லரைக் கழற்றிவிட்டு, மிதிகளை இணைத்து, மெதுவான வேகத்தில் ஓட்டிச் சென்று பிரேக்கை ஊன்றி மிதியுங்கள். பின் இறங்கித் தடத்தைப் பாருங்கள். இரு சக்கரத் தடமும் சமமாக இழுபட்டிருந்தால் நல்லது. ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால், நீண்ட பக்கத்துப் பிரேக் முந்திப் பிடிக்கிறது என்று பொருள். வண்டியோடு தந்த கைப்புத்தகத்தில் மிதி எவ்வளவு தூரம் சும்மா இறங்கலாம் என்று அளவு கொடுத்திருப்பார்கள். இரு பக்கமும் அந்த அளவுக்குத் திருத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

திருத்தியும் சரியாகாவிடில், குற்றம் உள்ளே இருக்கிறது. நம் நெல் வயல்களில் சேற்றுழவு செய்யும் பழைய வண்டிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பழைய டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் தட்டுகள் உலர்ந்த வகையைச் சேர்ந்தவை. சேற்று நீர் உள்ளே புகுந்தால் அவை வழுக்கும், அரிக்கும். அச்சிலுள்ள ஆயில் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து தட்டுகளில் படியும். பின்சக்கரத்தின் உட்புறம் கருமையாக எண்ணெய்க் கோடு வழிந்திருந்தால் அதுவே அடையாளம். எண்ணெய் படிந்த பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. சீலை மாற்றி, லைனிங்கையும் மாற்றத்தான் வேண்டும். பிற்காலத்தில் வந்த வண்டிகளில் பிரேக் தட்டுகளை எண்ணெயிலேயே மூழ்க வைத்து இக்குறையை நீக்கியிருக்கிறார்கள். அவற்றுக்கு உரிய எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும்.

மிதியைப் பிடித்து நிறுத்தும் நிறுத்தப் பிரேக்கையும் ஏற்றமான இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்க. பார்க்கும்போது வண்டிக்குப் பின்னால் எவரும் நிற்கலாகாது; சக்கரத்துக்கு அடைகல் ஒன்று கையருகே இருக்கட்டும்.

ஸ்டீயரிங்கும் மற்றவையும்

முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்புங்கள். சக்கரம் அசையத் தொடங்குமுன் ஸ்டீயரிங் எவ்வளவு சும்மா சுற்றுகிறது? அது 30 பாகைக்கு மேற்படக் கூடாது என்பது விதி. பாகைக் கணக்கு தெரியாதவர்களுக்கும் கடிகாரம் தெரியும். கடிகார முகப்பில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள இடைவெளியே 30 பாகை. அதற்கு மேல் ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட், கிங்பின், ஸ்டீயரிங் பெட்டி ஆகியவற்றுள் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. பால் ஜாயின்ட்டுகளின்மேல் ரப்பர் மூடிகள் கிழியாமல் இருக்க வேண்டும் என்பதும் விதியே. கிழிந்த மூடி வழியே புகும் மணலே முதல் எதிரி. மரையாணிகள் கழலாதபடி போடும் பின்களுக்குப் பதிலாகச் சாதாரண ஆணியை வளைத்துச் செருகியிருப்பதைப் பல வண்டிகளில் காண்கிறோம். ஆய்வாளரின் கண்ணுக்கு அது உடனே படும்.

டயரில் வெடிப்பின் வழியே உள்நூல் தெரிந்தால் அது தேறாது. உழவில் நின்று இழுக்கிறதே என்ற வாதம் அங்கே எடுபடாது. கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரத்தோடு அலுவலகத்துக்குச் செல்வதைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. அச்சக்கரத்தோடு சாலையில் ஏறுவதே குற்றம். பஞ்சாயத்து பல லட்சம் செலவிட்டுப் போட்ட தார்ச் சாலையை ஒரே பருவத்தில் கிழித்துப் போடுவன இவையே என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள்.

புகை கருமையாக இருந்தால் முதலில் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வடிகட்டிகளில், கிண்ணத்தின் அடியில் களிமண் போல் தூசி படிந்து கிடக்கும். கழுவிப் புது எண்ணெய் ஊற்றினாலே பாதிப் புகை குறைவதுண்டு. குறையாவிடில் டீசல் பம்பையும் நாசிலையும் பார்க்க வேண்டும். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். அது பெரிய வேலை.

டிரெய்லர்

டிராக்டரைத் துலக்கிக் கொண்டுவருபவர்கள் டிரெய்லரை மறந்துவிடுகிறார்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. அதன் நாளையும் பார்க்க வேண்டும். இணைப்புக் கொக்கியின் ஆணி தேய்ந்து மெலிந்திருக்கிறதா, அது மேலெழும்பாதபடி பின் போட்டிருக்கிறதா என்பதை நோக்குக. ஒரு சங்கிலியையும் துணைக்குப் பூட்டி வைத்தல் நலம்.

எல்லாவற்றினும் மேலாக விளக்குகள். பின்விளக்குக் கம்பியை எலி கடித்து விட்டது என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறோம். கரும்போ வைக்கோலோ ஏற்றிய டிரெய்லர், இரவில் விளக்கின்றிச் சாலையோரம் பஞ்சராகி நிற்பதை எண்ணிப் பாருங்கள். எதிரே வரும் விளக்கொளியில் கண் கூசிய இரு சக்கர வண்டிக்காரருக்கு அது தெரிவதில்லை. அதில் மோதி இறப்பவர் பெரும்பாலும் அடுத்த ஊர்க்காரராகவே இருப்பார். முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என ஒளி காட்டும் பட்டைகளை ஒட்டிவிட்டால், மின்சாரம் அற்றபோதும் அவை எச்சரிக்கும். சோதனைக்காக ஒட்டிவிட்டு, மறுநாள் அவற்றின்மேல் வைக்கோலைத் தொங்கவிட்டால் ஒட்டியதற்குப் பொருளில்லை.

இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அறியாத செய்தி ஒன்று உண்டு. டிராக்டரில் இருக்கை ஒன்றே, அது ஓட்டுநருக்கு. மட்கார்டின்மேல் அமர்ந்து வருபவருக்கும், கோவில் திருவிழாவுக்கென டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் குடும்பத்தாருக்கும் சாதாரண இன்சூரன்ஸ் காப்பளிக்கும் என்று நம்பியிருத்தல் தவறு. அந்த இழப்பீடு நிலத்தை விற்றுக் கொடுக்கும்படி நேரலாம்.

பஞ்சாயத்தின் வண்டிகள்

இதுவரை கூறியவை தனியார் வண்டிகளுக்கு. பஞ்சாயத்துக்குச் சொந்தமான வண்டிகளின் நிலை வேறு. குடிநீர்த் தொட்டி இழுக்கவும் குப்பை அள்ளவும் டிராக்டர் வைத்திருக்கும் ஊராட்சிகள் இதனைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 2023 ஜனவரியில் வெளியான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, அரசுகள், மாநகராட்சிகள், நகராட்சிகள், பஞ்சாயத்துக்கள் முதலியவற்றுக்குச் சொந்தமான வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளோடு முடிந்துவிடும். எவ்வளவு நல்ல நிலையில் இருப்பினும் புதுப்பிக்க இடமில்லை. இது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வண்டிகளைப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏலம் விட்டு உள்ளூரிலேயே ஓட விடுதல் கூடாது.

ஒரே ஆண்டில் வாங்கி ஒரே தெருவில் நிற்கும் இரு டிராக்டர்களில், விவசாயியின் வண்டி மேலும் ஐந்தாண்டு ஓட, பஞ்சாயத்து வண்டி மட்டும் உடைக்கச் செல்வது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நமக்கும் அது சற்றுக் கடினமான விதியாகவே படுகிறது. சிறிய ஊராட்சிக்குப் புது டிராக்டர் எளிய செலவன்று. ஆயினும் விதி விதியே. பதிவு முடிந்த வண்டியில் தண்ணீர் கொண்டு செல்லும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுச் சுமை பஞ்சாயத்தின் பொது நிதியைத் தேடி வரக்கூடும். ஆதலின், வண்டிக்குப் பதின்மூன்று வயதாகும்போதே மாற்று வண்டிக்கான நிதியைப் பற்றித் தீர்மானம் கொண்டுவருதல் விவேகம். கோடையில் குடிநீர் வண்டி நின்றுபோன பின் கூட்டம் கூட்டுவதால் குடங்கள் நிறைவதில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் எல்லா வண்டிகளுக்கும் ஒரு தனிப் பதிவேடு இருக்கட்டும். வாங்கிய நாள், பதிவு முடியும் நாள், இன்சூரன்ஸ் முடியும் நாள் ஆகிய மூன்றும் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். விவசாயிகளுக்கு அவ்வளவு ஏடு வேண்டாம். டிராக்டரின் கருவிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் இந்நாட்களைச் சிறிது பெயின்ட் கொண்டு எழுதி வைத்தால் போதும். ஸ்பேனர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.