கார் ஓடாட்டியும் ஆயில் மாத்தணும், தங்கச்சி

மாப்பிள்ளை துபாயில, கார் கொட்டகையில. பிள்ளைகளை ஸ்கூல்ல விடுறது, பஜார், எப்பவாவது ஜாம்புவானோடை தர்கா. இவ்வளவுதான் ஓட்டம். "மீட்டர்ல பத்தாயிரம் ஏற இன்னும் ரெண்டு வருஷம் ஆகும், அப்ப ஆயில் மாத்திக்கலாம்"னு முத்துப்பேட்டைப் பக்கம் பல வீட்டுல இருந்துடுறாங்க. வேணாம் தங்கச்சி.

வண்டியோட கொடுத்த புக்கை எடுத்துப் பாரு. பெரும்பாலான பெட்ரோல் கார்ல 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துதோ அதுன்னு போட்டிருக்கும். உனக்கு வருஷம்தான் முந்தும். தூசியிலயும் குட்டிக் குட்டி தூரத்துக்கும் ஓடுற வண்டின்னா இன்னும் சீக்கிரமே மாத்தச் சொல்ற புக்கும் உண்டு.

ஓடாத வண்டியில ஆயில் எப்படிக் கெடும்னு கேப்பே. பெட்ரோல் எரியும்போது தண்ணியும் ஆவியா உண்டாகுது. எஞ்சின் நல்லா சூடாகுறதுக்குள்ள நீ பஜார்ல நிறுத்திடுறே. அந்த ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆயில்ல போய்ச் சேருது. சூடு ஏறினாத்தான் அது வெளியேறும். ஏறலைன்னா ஆயில் நீர்த்து, புளிச்சு, உள்ளிருக்கிற இரும்பை அரிக்கும். அதனால வாரத்துல ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில அதிராம்பட்டினம் வரைக்கும் போய்ட்டு வா. கொட்டகையிலேயே ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் உறும விடுறதுல பலன் இல்லை, அது ஈரத்தைக் கூட்டத்தான் செய்யும்.

துபாயிலேருந்து "ஐயாயிரத்துலயே மாத்திடு"ன்னு போன் வரும். அந்த வெயிலுக்கு அங்க அப்படிப் பழக்கம். இங்க உன் புக்கு சொல்றதுதான் கணக்கு. 5W-30, 0W-20ன்னு ஆயிலோட கெட்டித்தன்மைக்கு அதுல என்ன எழுதியிருக்கோ அதே ஆயிலைக் கேளு. "கெட்டியா ஊத்தினா எஞ்சினுக்கு நல்லது"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதே. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருந்தா, அதுக்குன்னு சாம்பல் குறைஞ்ச ஆயில் தனியா உண்டு. டீசல்ல ஆயில் சீக்கிரமே கறுக்கும், அதைக் காட்டிப் பயமுறுத்தினா நம்பாதே.

ஆயில் மாத்தும்போதெல்லாம் ஆயில் ஃபில்டரும் புதுசு போடச் சொல்லு. ஃபில்டர் அடைச்சுக்கிட்டா உள்ளிருக்கிற வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே எஞ்சினுக்கு அனுப்பிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பண்ணப் போய் எஞ்சினைப் பணயம் வைக்காதே. ஏர் ஃபில்டர் நம்ம ஊருக்குத் தனிக் கணக்கு. தை, மாசியில அறுவடை மெஷின் இறங்கிட்டா வயலோரச் சாலை முழுக்க வைக்கோல் தூசிதான். அறுப்பு முடிஞ்சதும் கழட்டிப் பாரு. காத்தடிச்சும் வெளுக்கலைன்னா மாத்திடு.

மாசம் ஒரு தடவை நீயே ஆயில் ஸ்டிக்கைப் பாரு. சமதளத்துல வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டிக்கை உருவித் துடைச்சு, திரும்ப விட்டு எடுக்கணும். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தா சரி. மேல் கோட்டைத் தாண்டி ஊத்துறதும் கெடுதல். ஆயில் பால் காப்பி நிறத்துல நுரைச்சிருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில வண்டி முங்கிட்டா சாவியே போடாதே. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுட்டுப் போன ஊர் இது, சொல்லித் தெரிய வேண்டாம். கட்டி இழுத்துட்டுப் போய் மெக்கானிக்கிட்ட காட்டிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

வடிச்ச கழிவு ஆயிலை எங்க விடுறாங்கன்னும் நின்னு பாரு. கோரையாறும் பாமணியாறும் போய் விழுறது நம்ம காயல்லதான். அலையாத்திக் காட்டுக்கு நடுவுல மீனும் இறாலும் வளர்ற தண்ணி அது. சாக்கடையில ஊத்தினா அங்கதான் போகும். பீப்பாயில சேர்த்து, மறுசுத்திகரிப்புக்குக் கொடுக்கிற பட்டறையாப் பார்த்து வண்டியை விடு.

புது ஆயில் டப்பா சீல் உன் கண் முன்னாடி உடையட்டும். பழைய ஃபில்டரைக் கையில வாங்கிப் பாரு. தேதியையும் கிலோமீட்டரையும் பில்லுலயே எழுதி வாங்கிட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடு.