காலரா என்னும் வாந்திபேதி
காரணமும் பரவும் விதமும் சிகிச்சையும்

 

தமிழில் வாந்திபேதி என்றும், மலாயில் தாஊன் என்றும் வழங்கப்பட்ட காலரா, காலையில் கடை திறந்தவரை இரவுக்குள் கபுருக்கு அனுப்பவல்ல கொடிய நோயாகும். கடுமையாக நோய் கண்டு, சிகிச்சையின்றி விடப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். ஆனால் தக்க சமயத்தில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது விலையுயர்ந்த மருந்தன்று. தண்ணீரும், உப்பும், சீனியும், அவற்றை உடனே கொடுக்க வேண்டும் என்ற அறிவுமேயாகும். அவ்வறிவு நம் ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் இருக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நோயின் காரணம்

கெட்ட காற்றினால் காலரா உண்டாகிறது என்று ஒரு காலத்தில் ஐரோப்பிய வைத்தியர்களும் நம்பினார்கள். 1854-ஆம் ஆண்டில் லண்டன் நகரின் பிராட் தெருப் பகுதியில் இந்நோய் பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒரே பம்பிலிருந்து தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டார். அவர் சொற்படி அந்தப் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. நோய் தண்ணீரில் வருகிறது என்பதற்கு அது பெரும் சான்றாயிற்று.

1884-இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான கிருமியை உலகறியச் செய்தார். 1959-இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்பவர், அக்கிருமி வெளியிடும் நஞ்சே பேதியை உண்டாக்குகிறது என்று நிரூபித்தார். அந்நஞ்சு சிறுகுடலில் வேலை செய்ததும், உடம்பிலுள்ள நீரும் உப்பும் குடலுக்குள் பெருகி வெளியேறுகின்றன. நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் போய்விடும். ஆகவே நோயாளியைக் கொல்வது உடலின் நீர் வற்றிப்போவதே என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கப்பல் வழியும் ஹஜ் வழியும்

1817-இல் வங்காளத்தில் பெருகிய காலரா, வணிகக் கப்பல்களோடும் படைகளோடும் கிழக்கே நம் பகுதிக்கும், மேற்கே அரபு நாடுகளுக்கும் சென்றது. 1865-இல் மக்காவில் ஹாஜிகள் பல்லாயிரவர் இதனால் இறந்தனர். அதன் விளைவாக 1866-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பல நாட்டார் கூடி ஆலோசித்தனர். பின்னர் செங்கடலிலுள்ள கமரான் தீவில் ஹஜ் கப்பல்களை நிறுத்திப் பயணிகளைச் சோதிக்கும் நிலையமும் ஏற்பட்டது.

சினாய்க் கரையிலுள்ள தூர் என்னும் இடத்திலும் அத்தகைய நிலையம் ஒன்று இருந்தது. 1905-இல் அங்கே, ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்களிடம் புதுவகைக் கிருமி ஒன்று கண்டெடுக்கப்பட்டு, 'எல் தூர்' என்று பெயர் பெற்றது. அந்த வகையே 1961-இல் இந்தோனேசியாவின் செலிபிஸ் தீவிலிருந்து புறப்பட்டு, 1963-இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும், 1964-இல் இந்தியாவுக்கும் பரவியது. அந்த ஏழாவது பெரும் பரவல் இன்னும் ஓயவில்லை. இன்றும் ஆண்டுதோறும் 13 இலட்சம் முதல் 40 இலட்சம் பேர் வரை நோயுறுவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் நாடுகளில் குழாய்நீரும் சாக்கடை வசதியும் பெருகியதால் நோய் ஒடுங்கியிருக்கிறது. ஆயினும் பயணமும் சரக்கும் ஓயாத இடத்தில் கவனம் குறையலாகாது.

பரவும் விதம்

நோயாளியின் மலத்திலுள்ள கிருமி தண்ணீரிலோ உணவிலோ கலந்து இன்னொருவர் வாய்க்குள் செல்வதே இதன் வழி. கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய்க்குறியே தோன்றாது. ஆயினும் அவர்களும் சில நாட்கள் மலத்தில் கிருமியை வெளியேற்றுவார்கள். கழிமுகத்து உப்புநீரிலும் இக்கிருமி வாழ்வதால், சரியாக வேகாத சிப்பி, இறால், நண்டு ஆகியவற்றாலும் நோய் வரும். ஐஸ் கட்டியின் குளிர் கிருமியைக் கொன்றுவிடும் என்று எண்ணுவது தவறு. சமைத்து வெளியே வைத்த சோற்றிலும் கிருமி பெருகும்.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரவில் பாத்திரங்களை மூடிவைக்குமாறும் பணித்தார்கள். கிருமி என்ற சொல்லையே உலகம் அறியாத காலத்தில் நமக்குக் கிடைத்த ஒழுக்கம் இது.

அறிகுறிகள்

கிருமி புகுந்த 12 மணி நேரம் முதல் 5 நாட்களுக்குள் நோய் தோன்றும். அரிசி கழுவிய நீர்போல் பேதி போகும், வாந்தியும் வரும். பெரும்பாலும் காய்ச்சல் இராது. கண் குழிவிழுதல், நாவறட்சி, கைகால் குரக்குவலி, சிறுநீர் நின்றுபோதல், தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகவே மறைதல் ஆகியவை அபாயக் குறிகளாம்.

சிகிச்சை

பேதி காணும்போது தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று சிலர் நோயாளியைத் தாகத்தோடு கிடத்திவிடுகிறார்கள். இதைவிடப் பெருந்தவறு வேறில்லை. குடல் தண்ணீரைத் தனியே சரிவர ஏற்காவிட்டாலும், உப்பும் சீனியும் அளவாகச் சேர்ந்தால் ஏற்றுக்கொள்ளும். 1971-இல் வங்காளப் போரின்போது, பன்கான் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் இந்தக் கரைசலைக் கொடுத்துவந்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கியது.

மருந்துக்கடையில் விற்கும் உப்புச் சீனிப் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காவிட்டால், கொதித்தாறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். உப்பு அளவு மீறலாகாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மீண்டும் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட கரைசலைக் கொட்டிவிட வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

இதைக் கொடுத்துக்கொண்டே நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தளர்ந்து குடிக்க முடியாதவருக்கு அங்கே இரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றுவார்கள். நோய் கடுமையானால் கிருமிகொல்லி மருந்தும் தருவார்கள்.

ரமலானில் இந்நோய் கண்டவர் நோன்பைப் பிடித்துக்கொண்டு தாமதிக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. பின்னர் களா செய்துகொள்ளலாம். வயிற்று நோயால் இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸ் கூறுவது உண்மையே. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு கட்டளையிட்டதும் அதே நபிகளார்தான்.

வியாபாரிகள் கவனத்திற்கு

1. குடிநீரும் ஐஸும் நம்பத்தக்க இடத்திலிருந்தே வர வேண்டும். சந்தேகமிருப்பின் நீரைக் கொதிக்க வைக்க வேண்டும்.

2. சமையற்காரரும் பரிமாறுபவரும் கழிவறை சென்றபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெறும் தண்ணீர் போதாது.

3. சோறும் கறியும் சூடாகவே விற்பனையாக வேண்டும். ஈ மொய்க்க விடலாகாது.

4. சிப்பந்திக்குப் பேதி கண்டால் அன்றே சம்பளத்தோடு லீவு கொடுத்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். சம்பளம் பிடிபடும் என்று அஞ்சுபவன் நோயை மறைப்பான். மறைத்த நோய் கல்லாவை மட்டுமல்ல, உயிர்களையும் வாரிக்கொண்டு போகும்.

5. கடையின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கலாகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது அரசாங்கத்துக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும்.

6. இந்நோயால் இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டுவோர் கையுறை அணிந்து, சுகாதார அதிகாரிகள் சொற்படி நடக்க வேண்டும். அவர்கள் அன்று உணவு சமைக்கலாகாது.

7. நோயுள்ள நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் வாய்வழித் தடுப்பு மருந்து பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் கடையில் உண்பவர் நம்மை நம்பியே கை நனைக்கிறார். அளவிலும் நிறையிலும் மோசடி செய்வது ஹராம் என்று அஞ்சும் நாம், அசுத்தமான தண்ணீரைக் கொடுப்பதற்கும் அவ்வாறே அஞ்ச வேண்டும். இதுவும் ஓர் அமானிதமாகும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கொடிய நோய்களிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.